விருப்ப ஓய்வுக் கடிதம் வந்தால்: கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஐம்பது வயதைத் தாண்டிய ஊழியரைப் பெரிய நிறுவனம் ஒன்று தனியறைக்கு அழைத்து, "உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒரு நல்ல திட்டம் வந்திருக்கிறது" என்று சொல்லி நீட்டும் உறைக்குள் பொதுவாக மூன்று செய்திகள் இருக்கும். ஒன்று, வாழ்நாளில் ஒரே தவணையாகப் பார்த்திராத ஒரு பெரிய தொகை. மற்றொன்று, விண்ணப்பிக்க வேண்டிய கடைசித் தேதி. மூன்றாவது, பெரும்பாலும் இறுதிப் பக்கத்தில், இனி நிறுவனத்தின் மீது எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்ற உறுதிமொழி. தொழிற்சங்க அலுவலகத்தில் பல ஆண்டுகள் இத்தகைய உறைகளோடு வந்தவர்களின் எதிரே அமர்ந்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் தொகையை மனப்பாடமாகச் சொன்னார்கள். உறுதிமொழியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் உறையைத் திறந்து பார்த்தார்கள். இந்தக் கட்டுரை அத்தகைய உறையை முதன்முறையாகக் கையில் வாங்குபவர்களுக்காகவும், இன்னும் வாங்காமல் ஆனால் வரப்போகிறது என்று உள்ளுணர்வில் அறிந்திருப்பவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, இது ஒரு விற்பனை என்பதுதான். உங்களிடம் மீதமிருக்கும் பணிக்காலத்தையும், வெளியேற்றப்பட்டால் வழக்குத் தொடுக்கும் உரிமையையும் நிறுவனம் விலைக்குக் கேட்கிறது. விற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் விற்கும் பொருளின் மதிப்பை நீங்களே கணக்கிடாமல், வாங்குபவர் சொன்ன விலையை வைத்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது.

நிறுவனம் ஏன் கேட்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

பணிமூப்போடு சம்பளம் ஏறும் நிறுவனங்களில், ஒரே வேலைக்கு மூத்தவருக்கும் புதியவருக்கும் கொடுக்கும் தொகைகளுக்கிடையே பெரிய இடைவெளி உண்டு. ஓய்வூதியமோ பணிக்கொடையோ கடைசிச் சம்பளத்தையும் பணியாற்றிய ஆண்டுகளையும் பெருக்கிக் கணக்கிடப்படும் இடங்களில், இறுதி ஆண்டுகளில்தான் நிறுவனத்தின் பொறுப்பு மிக வேகமாகக் கூடுகிறது. சட்டப்படியான ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்பு, இழப்பீடு, சில நாடுகளில் அரசின் அனுமதி, யாரை முதலில் அனுப்புவது என்ற வரிசைமுறை எனப் பல தடைகள் உள்ளன. ஊழியரே விரும்பிக் கேட்டுச் செல்வதாக ஆகிவிட்டால் அந்தத் தடைகள் பெரும்பாலும் விலகிவிடுகின்றன. இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊழியர் தாமாக ஓய்வு பெறுவதை அச்சட்டம் ஆட்குறைப்பு என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. ஆகவே 'விருப்பம்' என்ற ஒரு சொல், நிறுவனத்துக்குச் சட்டத்தில் பெரும் பலனைத் தரும் சொல்.

இந்தத் திட்டங்களின் அளவும் சிறிதன்று. 2006-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் அளித்த திட்டத்தை ஏறத்தாழ 35,000 தொழிலாளர்கள் ஏற்று வெளியேறினார்கள். 2019-இன் இறுதியில் இந்தியாவின் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 50 வயது நிறைந்தவர்களுக்கு அறிவித்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 78,000-க்கும் மேற்பட்டோர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பணியிலிருந்து விலகினர். இத்தனை பேருக்கு ஒரே வார்ப்பில் தயாரிக்கப்படும் ஆவணம் உங்கள் தனிப்பட்ட நிலைமையைக் கணக்கில் எடுத்திருக்காது. அதை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

உறை வருவதற்கு முன்னரே தெரியும் அடையாளங்கள்

பெரும்பாலும் திட்டம் திடீரென்று வருவதில்லை. பதினைந்து ஆண்டுகள் நன்று என்றே இருந்த பணி மதிப்பீடு திடீரெனச் சராசரிக்குக் கீழே இறங்கும். எழுத்தில் விளக்கம் கேட்டால் "மாற்றத்துக்கு ஏற்ப இயங்கவில்லை" என்பது போன்ற அளக்க முடியாத சொற்கள் வரும். நீங்கள் நடத்திவந்த கூட்டங்களுக்கு அழைப்பு நின்றுவிடும். பயிற்சிக்கு அனுப்பும் பட்டியலில் பெயர் இராது. குடும்பச் சூழல் தெரிந்தும் தொலைதூர இடமாற்ற ஆணை வரும். செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில், எட்ட முடியாத இலக்கும் அறுபது அல்லது தொண்ணூறு நாள் கெடுவும் தரப்படும். இவற்றுள் ஒன்று மட்டும் நடந்தால் அது தற்செயலாக இருக்கலாம். இரண்டு மூன்று ஒரே ஆண்டில், அதுவும் உங்கள் வயதையொத்த பலருக்கும் நடந்தால், அதை ஒரு போக்காகவே கருத வேண்டும்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு, பிரான்சின் தொலைத்தொடர்பு நிறுவனமான பிரான்ஸ் டெலிகாம் மீதான வழக்கு சான்று. அந்த நிறுவனத்தின் ஊழியர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர் தகுதி உடையவர்கள் என்பதால் அவர்களைப் பணிநீக்கம் செய்ய இயலாது. 2006-இல் நிர்வாகம் மூன்றாண்டுகளில் 22,000 பேரைக் குறைப்பது என்று இலக்கு வைத்தது. கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ அவர்களை வெளியேற்றுவேன் என்ற பொருளில் அன்றைய தலைமை நிர்வாகி திதியே லொம்பார் அதிகாரிகளிடம் பேசினார். தொடர்ச்சியான இடமாற்றங்கள், வேலை மாற்றங்கள், அவமதிப்புகள் ஆகியவற்றால் ஊழியர்கள் நொறுங்கினார்கள். பலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தையும் அவரையும் மனரீதியான துன்புறுத்தலுக்காகக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் கொள்கையே துன்புறுத்தலாக அமையலாம் என்ற கருத்தை 2025 ஜனவரியில் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஜப்பானில் இதன் அமைதியான வடிவம் நெடுங்காலமாக உண்டு. வேலை எதுவும் தராமல் ஜன்னலோர மேசையில் அமர்த்திவைக்கப்படும் மூத்தவர்களைக் குறிக்க அம்மொழியில் தனிச்சொல்லே இருக்கிறது. தாமே விலகும்வரை ஊழியர்களை அடைத்துவைக்கும் 'துரத்தும் அறைகள்' பற்றியும் அங்கே பேசப்பட்டது.

எனவே அடையாளங்கள் தென்பட்ட நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார், உடன் யார் இருந்தார் என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். "இளம் ரத்தம் தேவை", "இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள்" போன்ற சொற்களைச் சொன்னபடியே பதிவு செய்யுங்கள். பழைய மதிப்பீட்டுத் தாள்கள், பாராட்டுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், நியமன ஆணை, பதவி உயர்வு ஆணைகள் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்கட்டும். உங்களுக்கென்று வழங்கப்பட்ட தாள்களை மட்டும் எடுத்துவையுங்கள். வாடிக்கையாளர் விவரங்களையோ நிறுவனத்தின் இரகசியக் கோப்புகளையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், அதையே காரணமாக்கி உங்களை வெறுங்கையோடு அனுப்ப நிர்வாகத்துக்கு வழி கிடைத்துவிடும். இந்தத் தவற்றைச் செய்து, நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்தும் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உறை கைக்கு வந்த நாளில்

அந்த அறையில் எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். "படித்துப் பார்த்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். கோபத்தில் "அப்படியென்றால் இப்போதே போய்விடுகிறேன்" என்று சொல்வது மிக ஆபத்தானது. வாய்மொழியாகச் சொன்ன ராஜினாமாவை மறுநாள் மின்னஞ்சலில் ஏற்றுக்கொண்டதாக எழுதிய மேலாளர்களும் உண்டு. ராஜினாமாவும் விருப்ப ஓய்வும் வெவ்வேறு. ராஜினாமா செய்பவருக்குத் திட்டத்தின் தொகை கிடைக்காது. சில நிறுவனங்களின் விதிகளில் ஓய்வூதியத் தகுதியும் போய்விடும்.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டால், "பெற்றுக்கொண்டேன், ஏற்புக்கான கையெழுத்து அன்று" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். பிறகு மனிதவளத் துறையிடம் மின்னஞ்சல் மூலம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: திட்டத்தின் முழு விதிகள், உங்களுக்கான தொகை எந்தச் சம்பளக் கூறுகளின் அடிப்படையில் எப்படி வந்தது என்ற விரிவான கணக்கு, கடைசித் தேதிக்குப் பின்னரும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடியுமா என்ற விளக்கம், உங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்கும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டா என்ற தெளிவு. கடைசிக் கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை. வெளியே எளிதாக வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகளே முதலில் விண்ணப்பிப்பார்கள் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதால், யாரை விடுவிப்பது என்ற உரிமையை அது தன்னிடமே வைத்துக்கொள்ளும். விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர் 'போக விரும்பியவர்' என்ற முத்திரையோடு அதே இடத்தில் தொடர நேரிடும்.

ஏற்கெனவே உங்களுடையதைப் பிரித்து வையுங்கள்

நிறுவனம் காட்டும் மொத்தத் தொகையில் பல வகைப் பணம் கலந்திருக்கும். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, பயன்படுத்தாத ஈட்டிய விடுப்புக்கான சம்பளம், நிலுவையில் உள்ள ஊக்கத்தொகை, முன்னறிவிப்புக் காலச் சம்பளம் ஆகியவை நீங்கள் இன்று சாதாரணமாக விலகினாலும் வரவேண்டியவை. முன்னறிவிப்புக் காலத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டியிருக்கும். அவற்றையெல்லாம் கழித்த பிறகு எஞ்சுவதே, கருணைத்தொகை என்று அவர்கள் பெயரிட்டிருக்கும் உண்மையான விலை. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்த தொகை, இந்தக் கழித்தலுக்குப் பிறகு பாதியாகிப் போவதைப் பார்த்து அதிர்ந்தவர்கள் ஏராளம்.

இந்தப் பிரிப்புக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது. மூத்த ஊழியர் பலன் பாதுகாப்புக்கென 1990-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, ஏற்கெனவே உரியதைத் தவிரக் கூடுதலாக ஏதேனும் கொடுத்தால்தான் வயதுப் பாகுபாட்டு உரிமையை ஊழியர் விட்டுக்கொடுத்தது செல்லும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் இப்படி ஒரு விதி இல்லையென்றாலும், கணக்குப் போடும்போது இதையே அளவாகக் கொள்ளுங்கள்.

கணக்கு

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். நாணயத்தை விட்டுவிட்டு, உங்கள் இன்றைய முழு மாதச் சம்பளத்தையே அலகாக வைத்துக்கொள்வது எளிது; அப்போது பெரிய எண்களின் மயக்கம் குறையும்.

ஒருவருக்கு 53 வயது, ஓய்வு வயது 60, பணியாற்றியது 22 ஆண்டுகள் என்று கொள்வோம். நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு மாதச் சம்பளம் என்று திட்டம் சொல்கிறது. 44 மாதச் சம்பளம் என்று கேட்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் விதிகளில் 'சம்பளம்' என்பதற்கு அடிப்படைச் சம்பளம் என்று பொருள் கூறப்பட்டிருக்கிறது. அவருக்கு அது முழுச் சம்பளத்தில் பாதி. ஆகவே கைக்கு வருவது 22 மாத முழுச் சம்பளம். அவர் விட்டுக்கொடுப்பது ஏழு ஆண்டுகள், அதாவது 84 மாதங்கள்.

அவர் வெளியேறி, ஓராண்டு வேலை தேடி, பிறகு இப்போதைய சம்பளத்தில் 60 சதவீதத்துக்கு ஒரு வேலை பெற்று 60 வயதுவரை பணியாற்றினால், 22-உடன் 72 மாதங்களின் 60 சதவீதமான 43.2 சேர்ந்து 65.2 மாதச் சம்பளம் கிடைக்கும். தொடர்ந்து இருந்தால் கிடைக்கும் 84-ஐ விட இது ஏறக்குறைய 19 மாதங்கள் குறைவு. சம்பள உயர்வையும், நிறுவனம் வைப்பு நிதிக்குச் செலுத்தும் பங்கையும், கூடுதல் ஆண்டுகளால் வளரும் பணிக்கொடையையும் இன்னும் சேர்க்கவில்லை. இரு பக்கமும் சமமாக வேண்டுமென்றால் புதிய வேலை இன்றைய சம்பளத்தில் 86 சதவீதம் தரவேண்டும். வேலையே கிடைக்காவிட்டால், குடும்பச் செலவு சம்பளத்தில் 70 சதவீதம் என்று வைத்தாலும், 22 மாதப் பணம் 31 மாதங்களுக்குத்தான் வரும். அப்போது அவருக்கு 56 வயதுகூட நிறைந்திராது.

இதுவரை படித்ததும், ஒருபோதும் ஏற்கக் கூடாது என்று தோன்றலாம். ஆனால் 84 மாதங்கள் இருக்கவிடுவார்கள் என்பது உறுதியா என்ற கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது. விருப்ப ஓய்வுக்குப் போதிய பேர் முன்வராவிட்டால், பல நிறுவனங்கள் அடுத்த சுற்றில் கட்டாய ஆட்குறைப்புக்குப் போகின்றன. அதற்கான தொகை பெரும்பாலும் குறைவு. அதே ஊழியர் இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆண்டுக்கு அரை மாத அடிப்படைச் சம்பளம் என்ற இழப்பீட்டோடு அனுப்பப்படுகிறார் என்று கொள்ளுங்கள். 24 மாதச் சம்பளமும், 24 ஆண்டுகளுக்கான இழப்பீடாக 6 மாத முழுச் சம்பளமும் சேர்ந்து 30 மாதங்கள். இன்றே ஏற்று, ஓராண்டுக்குப் பின் 60 சதவீத வேலையில் சேர்ந்திருந்தால் அதே இரண்டாண்டு முடிவில் 29.2 மாதங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் முன்னவர் 55 வயதில் வேலை தேடத் தொடங்குகிறார். பின்னவர் அதற்குள் ஒரு வேலையில் ஓராண்டு முடித்திருக்கிறார்.

ஆகவே முடிவு பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைச் சார்ந்திருக்கிறது: இங்கே இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்க முடியும் என்று நீங்கள் நேர்மையாக நம்புகிறீர்கள்? இரண்டுக்குக் கீழ் என்றால் ஏற்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். நான்கைந்து என்றால் இந்த எடுத்துக்காட்டின் விலை போதாது. உங்கள் பிரிவு மூடப்படப் போகிறதா, உங்கள் வேலை வேறிடத்துக்கு மாற்றப்படுகிறதா, முந்தைய சுற்றில் மறுத்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பவற்றை விசாரித்து அந்த எண்ணை மதிப்பிடுங்கள். முந்தைய சுற்றில் மறுத்தவர்களைத் தேடிப் பேசுவது, எந்த ஆலோசகரையும் விடப் பயன் தரும்.

வரி, மருத்துவம், ஓய்வூதியம், கடன்

வரிக்கு முந்தைய தொகையை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். 1961-ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின் 10(10சி) பிரிவு, நிபந்தனைகளை நிறைவு செய்யும் விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் ரூபாய் வரை, வாழ்நாளில் ஒருமுறை மட்டும், விலக்கு அளித்தது. பிரிட்டனில் பணிநீக்க இழப்பீட்டில் முதல் 30,000 பவுண்டு வரை வருமான வரி இல்லை. அமெரிக்காவில் அது சம்பளம் போலவே முழுவதும் வரிக்கு உட்படுகிறது. விலகும் தேதியை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளினாலே சிலருக்கு வரி கணிசமாகக் குறையும்.

மருத்துவக் காப்பீடு வெளியேறும் நாளோடு முடிகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஐம்பதுக்கு மேல், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர் தனியாகப் புதிய காப்பீடு எடுக்கும்போது கட்டணம் அதிகம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் விதிக்கப்படலாம். அமெரிக்காவில் சட்டம் பொதுவாக 18 மாதங்கள்வரை பழைய காப்பீட்டைத் தொடர அனுமதிக்கிறது, ஆனால் கட்டணம் முழுவதும் ஊழியருடையது. 65 வயதில் தொடங்கும் அரசுக் காப்பீடு வரை உள்ள இடைவெளியை அவரே நிரப்ப வேண்டும்.

ஓய்வூதியத்தை முன்கூட்டியே எடுத்தால் குறைப்பு நிரந்தரமானது. இந்திய ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 50 வயதிலிருந்து பெறலாம் என்றாலும், 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டப்படுகிறது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை, முழு வயது 67 ஆக உள்ளவர் 62-இலேயே தொடங்கினால் 30 சதவீதம் குறைகிறது. கைக்குப் பெருந்தொகை வந்திருக்கும்போது ஓய்வூதியத்தையும் உடனே தொடங்க வேண்டும் என்ற எண்ணம் வரும். தொகை சில ஆண்டுகளுக்குப் போதுமென்றால் ஓய்வூதியத்தைக் காத்திருக்க விடுங்கள்.

நிறுவனத்தின் வழியாகப் பெற்ற வீட்டுக் கடனும் பிற முன்பணங்களும் விலகும்போது ஒரே தவணையில் பிடித்துக்கொள்ளப்படுகின்றனவா என்பதையும், சலுகை வட்டி சாதாரண வட்டியாக மாறுகிறதா என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

உறுதிமொழியைப் படிப்பது

இறுதிப் பக்கத்தை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரோடு வரி வரியாகப் படியுங்கள். அதற்கு ஆகும் கட்டணம், நீங்கள் வாங்கப்போகும் தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. நீங்கள் தேட வேண்டியவை: எந்தெந்த உரிமைகளைத் துறக்கிறீர்கள், ஓய்வூதியமும் விபத்து இழப்பீடும் அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளனவா, போட்டி நிறுவனத்தில் சேரத் தடை உண்டா, எத்தனை மாதங்களுக்கு, ஏதேனும் ஒரு விதியை மீறினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுமா என்பவை. போட்டித் தடை விதி ஒன்று போதும், புதிய வேலை ஓராண்டில் கிடைக்கும் என்ற உங்கள் கணக்கையே அது கலைத்துவிடும்.

நாட்டுக்கு நாடு பாதுகாப்பு வேறுபடுகிறது. அமெரிக்காவில் வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் 40 வயதிலிருந்து பொருந்தும். அந்த வயதைக் கடந்தவரிடம் இவ்வுரிமையைத் துறக்கச் சொன்னால் 21 நாட்களும், குழுவாகப் பலருக்குத் திட்டம் தரப்பட்டால் 45 நாட்களும் சிந்திக்க அவகாசம் தரவேண்டும்; கையெழுத்திட்ட பின்னும் 7 நாட்களுக்குள் திரும்பப் பெறலாம்; வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்குமாறு எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். குழுத் திட்டத்தில் யார் யார் தகுதி பெற்றார்கள், பெறவில்லை என்பதைப் பதவியோடும் வயதோடும் பட்டியலிட்டுத் தரவும் வேண்டும். இந்தப் பட்டியலை அலட்சியமாக ஒதுக்காதீர்கள். மூத்தவர்கள் மட்டுமே குறிவைக்கப்பட்டார்களா என்பது அதில் கண்ணுக்கெதிரே தெரியும். ஐ.பி.எம். நிறுவனம் 2013 முதல் 2018 வரை மூத்த ஊழியர்களைக் குறிவைத்ததாக நம்ப நியாயமான காரணம் உண்டு என்று அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2020-இல் கண்டறிந்தது. நிறுவனம் அதை மறுத்தது. பிரிட்டனில், தொகை பெற்று உரிமைகளைத் துறக்கும் தீர்வு ஒப்பந்தம் செல்ல வேண்டுமென்றால் சார்பற்ற ஆலோசகர் ஒருவரின் அறிவுரையை ஊழியர் பெற்றிருக்க வேண்டும். படித்துப் பார்க்கக் குறைந்தது 10 நாட்கள் தருமாறு வழிகாட்டு நெறி கூறுகிறது.

இந்தியாவில் தனியார் ஊழியரை வயதுப் பாகுபாட்டிலிருந்து காக்கத் தனிச் சட்டம் இல்லை. இருந்தாலும் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பாங்க் ஆஃப் இந்தியா எதிர் ஓ.பி. ஸ்வர்ணகர் வழக்கில் வழங்கிய தீர்ப்பை நினைவில் வையுங்கள். அங்கே விருப்ப ஓய்வுத் திட்டம் என்பது வெறும் அழைப்பு, ஊழியரின் விண்ணப்பமே முன்மொழிவு, நிர்வாகம் அதை ஏற்கும்வரை ஊழியர் திரும்பப் பெறலாம் என்று கூறப்பட்டது; ஆனால் திட்டத்தின் பலனைப் பெற்று அனுபவித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்றும் கூறப்பட்டது. மனம் மாறியவர், கணக்கில் வந்த பணத்தைத் தொடுவதற்கு முன் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

பேரம்

குழுத் திட்டத்தில் ஆண்டுக்கு இத்தனை மாதம் என்ற சூத்திரத்தை ஒருவருக்காக மாற்ற மாட்டார்கள். அதில் முட்டிக்கொண்டு நாட்களை வீணாக்க வேண்டாம். விலகும் தேதி, மருத்துவக் காப்பீட்டின் நீட்டிப்பு, போட்டித் தடையை நீக்குதல், கடனை முன்போலவே தவணையில் செலுத்தும் வசதி, நற்சான்றின் வாசகம் ஆகியவை பெரும்பாலும் அசையும். ஒரு சில மாதங்கள் தள்ளி விலகினால் இன்னொரு பணியாண்டு நிறைவடைந்து, இரண்டு மாதச் சம்பளமும் பணிக்கொடையில் ஓராண்டும் கூடும் என்பதை உங்கள் நியமனத் தேதியை வைத்துப் பாருங்கள். பேசியதெல்லாம் ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொல்லும் அதிகாரி, அடுத்த சுற்றில் தாமே உறையோடு நிற்கலாம்.

வீட்டில் பேசுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். தொகையைப் பற்றிச் சொல்வதற்கு முன், மேலே போட்ட மாதக் கணக்கைத் துணைவரோடு சேர்ந்து போடுங்கள். பெருந்தொகை வந்த செய்தி பரவியதும் கடன் கேட்பவர்களும், முதலீட்டுத் திட்டத்தோடு வருபவர்களும், கூட்டுத் தொழிலுக்கு அழைப்பவர்களும் தேடி வருவார்கள். முதல் ஆறு மாதங்களுக்கு அந்தப் பணத்தைப் பாதுகாப்பான வைப்பில் தவிர வேறெதிலும் போடுவதில்லை என்று இருவரும் சேர்ந்து முன்னரே முடிவு செய்துகொள்வது, என் கருத்தில், எந்த முதலீட்டு ஆலோசனையையும் விட மேலானது.

மறுப்பதென்றால்

மறுப்பை இரண்டே வரியில் எழுதுங்கள்: திட்டத்தை ஆராய்ந்தேன், விண்ணப்பிக்க விரும்பவில்லை, என் பணியைத் தொடர்கிறேன். காரணம் எழுதத் தேவையில்லை. அதன் பிறகு வரும் மாதங்களில் மதிப்பீட்டிலோ வேலைப் பங்கீட்டிலோ மாற்றம் தெரிந்தால், ஒவ்வொன்றுக்கும் மரியாதையான எழுத்து மூலமான பதில் அனுப்புங்கள். இடமாற்ற ஆணையைப் புறக்கணித்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்; ஆட்சேபத்தைப் பதிவுசெய்துகொண்டே பணியில் சேர்வது, பணிக்கு வராதவர் என்ற குற்றச்சாட்டிலிருந்து உங்களைக் காக்கும். நிலைமை தாங்க முடியாமல் போனாலும் ராஜினாமாக் கடிதத்தை வழக்கறிஞர் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். பிரிட்டன் போன்ற நாடுகளில், முதலாளி ஒப்பந்தத்தை அடியோடு மீறியதால் விலக நேர்ந்தது என்று நிரூபித்தால் அந்த ராஜினாமாவே பணிநீக்கமாகக் கருதப்படும். கடிதத்தில் 'சொந்தக் காரணங்களால்' என்று எழுதியிருந்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். புகார் செய்யும் காலக்கெடுவும் குறுகியது. அமெரிக்காவில் வயதுப் பாகுபாட்டுப் புகாருக்கு 180 நாட்கள், பல மாநிலங்களில் 300 நாட்கள். முடிந்தால் தனியாக நிற்காதீர்கள். ஒரே பிரிவில் மறுத்தவர்கள் நால்வர் தம் குறிப்பேடுகளை ஒப்பிட்டால், ஒருவருக்கு மட்டும் நடந்ததாகத் தோன்றியது அனைவருக்கும் ஒரே மாதத்தில் நடந்திருப்பது வெளிப்படலாம்.

ஏற்பதென்றால்

விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். பணம் எந்தத் தேதிக்குள், எத்தனை தவணையில் வரும் என்பது ஏற்பு ஆணையில் இருக்கிறதா என்று பாருங்கள். நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனம் தவணையாகத் தருவதாகச் சொன்னால், அது திவாலானால் பாக்கித் தவணைகளுக்கு அதற்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். அலுவலக அடையாள அட்டையையும் கணினியையும் ஒப்படைப்பதற்கு முன், விடுவிப்பு ஆணை, பணிச் சான்றிதழ், கடைசி மூன்று ஆண்டுகளின் சம்பளச் சீட்டுகள், வரிப் பிடித்தச் சான்று, வைப்பு நிதி எண்ணும் அதன் இருப்பும், காப்பீட்டு முடிவுத் தேதி குறித்த கடிதம் ஆகியவற்றைக் கையில் வாங்கிவிடுங்கள். வைப்பு நிதியிலும் ஓய்வூதியத்திலும் உங்கள் பெயர், பிறந்த தேதி, வாரிசுதாரர் பெயர் ஆகியவை அடையாளச் சான்றுகளில் உள்ளபடியே பதிவாகியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட அதைத் திருத்த நிறுவனத்தின் கையெழுத்து தேவைப்படலாம். அந்தக் கையெழுத்தை, நீங்கள் இன்னும் ஊழியராக இருக்கும் நாளிலேயே வாங்கிக்கொள்வது எளிது.